மூக்கையும் கவனித்துக்கொண்டவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் வந்த கட்டிக்கு ஆபரேஷன் முடிந்து, போன மாதம் எடுத்த ஸ்கேனில் கட்டி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பார்வையும் தெளிந்துவிட்டது. அதற்கு முதல் நன்றி எங்கள் தெருமுனைக் கண்ணாடிக் கடைத் தம்பிக்கு. பக்கத்தில் வருகிற வண்டி தெரியவில்லை என்று நான் சொன்னதும் பவரை மாற்றிக் கொடுத்து அனுப்பாமல், "அக்கா, இது கண்ணாடியில தீராது, ஃபீல்டு டெஸ்ட் எடுத்துப் பாருங்க" என்று கண் டாக்டரிடம் விரட்டியவர் அவர்தான். சுற்றிலும் எவ்வளவு தூரம் தெரிகிறது என்று பார்க்கும் அந்த டெஸ்டில், இரண்டு கண்ணிலும் வெளிப்பக்கப் பார்வை குறைந்திருந்தது. கண் நரம்புகள் குறுக்கே சந்திக்கும் இடத்தைக் கட்டி கீழிருந்து அழுத்திக்கொண்டிருந்ததாம். நியூரோ சர்ஜன் ஐயாவுக்கும், காலை மாத்திரையின் அளவைப் பார்த்துப் பார்த்துக் குறைத்த ஹார்மோன் டாக்டருக்கும், ரத்தம் கொடுக்க வந்து நின்று, தேவைப்படாமல் திரும்பிப்போன அண்ணன் பிள்ளைகளுக்கும் என் கும்பிடு.

ஆனாலும் இந்த மடலை எழுத உட்கார்ந்தது என் மூக்கைப் பார்த்துக்கொண்டவர்களுக்காக.

மண்டையைத் திறக்காமல் மூக்கு வழியாகவே எண்டோஸ்கோப் என்கிற கேமராக் குழாயை விட்டுக் கட்டியை எடுக்கிறார்கள். வெளியே ஒரு தழும்புகூட இல்லை. பார்க்க வருகிறவர்களுக்கு நான் நல்லபடியாகத்தான் தெரிந்தேன். உள்ளே மூக்கின் நடுத்தண்டிலிருந்து சவ்வை எடுத்து, மண்டையடியில் போட்ட துளையை மூடியிருந்தார்கள். சவ்வு எடுத்த இடம் ஆறும்வரை அங்கே பொருக்கு கட்டிக்கொண்டே இருக்கும். இரண்டு பக்கமும் அடைப்பு. ராத்திரி முழுக்க வாயால் மூச்சு விட்டு, விடியும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கிடக்கும். "உயிர் பிழைச்சாச்சு, மூக்கடைப்பெல்லாம் ஒரு விஷயமா" என்று பலரும் ஆறுதலாகத்தான் சொன்னார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. அதையும் ஒரு விஷயமாக எடுத்துக்கொண்டவர்களுக்குத்தான் நான் கடன்பட்டிருக்கிறேன்.

வார்டில் ராத்திரி டியூட்டி பார்த்த சிஸ்டர், உங்கள் பெயரைப் போட உங்களைக் கேட்கவில்லை, அதனால் போடவில்லை. மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், குனிந்து எதையும் எடுக்கக் கூடாது என்று ஒவ்வொன்றையும் செய்து காட்டினீர்கள். "தண்ணி மாதிரி சொட்டினாலோ, தொண்டையில உப்புக் கரிச்சாலோ எந்நேரமானாலும் கூப்பிடுங்கம்மா, அது மூளைத் தண்ணியா இருக்கலாம்" என்று நீங்கள் சொல்லிவைத்ததால்தான் எது சாதாரணம், எது ஆபத்து என்று தெரிந்து வீட்டில் பயமில்லாமல் இருந்தேன்.

ஈஎன்டி டாக்டர் அம்மாவுக்கு எப்படி நன்றி சொல்ல? ஓ.பி.யில் அவ்வளவு கூட்டம் இருக்கும்போதும், சின்னக் குழாயை உள்ளே விட்டுப் பார்த்துக்கொண்டே பொருக்கை வலிக்காமல் ஒவ்வொன்றாக எடுப்பார். உப்புத் தண்ணீரால் கழுவலாம் என்று அவர் சொன்ன பிறகுதான் கழுவத் தொடங்கினேன். கொதித்து ஆறிய தண்ணீர் கால் லிட்டர், அரை டீஸ்பூன் உப்பு, ஒரு சிட்டிகை ஆப்ப சோடா. முதல் தடவை ஒரு துண்டுப் பொருக்கு தொட்டியில் விழுந்து, காற்று உள்ளே போனபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவரிடம் படிக்கும் பயிற்சி டாக்டர் ஒரு கேள்வித்தாள் வைத்திருந்தார். மொத்தம் 22 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். அடைப்பு, சளியோடு அது நின்றுவிடவில்லை. தூக்கம் வருகிறதா, எழும்போதே களைப்பா, வேலையில் மனம் நிற்கிறதா, வருத்தமாக இருக்கிறதா, நாலு பேர் முன்னால் கூச்சமாக இருக்கிறதா என்றும் இருந்தது. அந்தப் பிள்ளை ஒவ்வொன்றையும் தமிழில் சொல்லி, நான் யோசிக்கும்வரை பொறுத்திருந்து எழுதிக்கொண்டார். வீட்டில்கூட யாரும் என்னிடம் கேட்காத கேள்விகள் அவை. சில மாதம் கழித்து அதே தாளை மறுபடி நிரப்பியபோது மதிப்பெண் நன்றாக இறங்கியிருந்தது.

என் பிழைப்பு சாம்பார்ப் பொடியும் பருப்புப் பொடியும். மல்லி வறுபட்டதை மூக்குதான் சொல்ல வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு வாசனை தெரியாமல் இருந்த மாதங்களில் எங்கள் மகளிர் குழுவினர் முறை போட்டு அடுப்படியில் நின்று, "போதும்க்கா, இறக்கு" என்று சொன்னார்கள். கூலி பேசவே விடவில்லை. எதிர்வீட்டு அக்கா, கேஸ் கசிந்தால் எனக்குத் தெரியாதே என்று தினமும் படுக்கப்போகுமுன் வந்து ரெகுலேட்டரை மூடிவிட்டுப் போவார். எனக்காகச் சாம்பிராணி போடுவதையும் நிறுத்திவைத்தார்.

மகளே, நீ நாலு சின்ன பாட்டிலில் ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, நீலகிரித் தைலம் என்று வைத்து, வாசனை திரும்புவதற்காகக் காலையும் மாலையும் என்னை முகரச் சொன்னாய். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் நடந்து 2009ல் வெளிவந்த ஆய்வில் இந்தப் பயிற்சியை 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள் என்று டாக்டர் அம்மா சொன்னதை நீதான் குறித்துவைத்தாய். எனக்கு முதலில் திரும்பியது கிராம்பு. எலுமிச்சை இன்னும் மங்கல்தான். மல்லி முக்கால்வாசி வந்துவிட்டது, இப்போது நானே இறக்கிவைக்கிறேன்.

உறையூர்ப் பக்கம் யாருக்காவது இதே ஆபரேஷன் முடிந்து மூக்கு அவதி இருந்தால் வீட்டுக்கு வாருங்கள். எப்போது கழுவத் தொடங்கலாம் என்பதை உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வந்தால், எப்படிக் கழுவுவது என்று நான் காட்டித் தருகிறேன்.

என்றும் நன்றியுடன்,
உறையூர் பொடிக்கடை அக்கா