செயலாளரின் ஆண்டறிக்கை: திடலும் திட்ட அனுமதியும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, சங்க உறுப்பினர்களே, வணக்கம்.

பொங்கல் விழாவும் மாணவர் கல்வி நிதியும் வழக்கம்போல் நடந்தேறின. ஆண்டின் பெரும்பகுதியைத் திடல் விவகாரமே எடுத்துக்கொண்டது.

தோட்ட நிர்வாகம் விற்ற நிலத்தில் நமது பந்துத் திடலும் அடங்கும். அங்கே கடைவீடுகள் கட்ட விண்ணப்பம் போயிருப்பது, பக்கத்துத் தாமான் குடியிருப்பில் வீடு வாங்கிய நம் உறுப்பினர்களுக்குக் கடிதம் வந்த பிறகே தெரிந்தது. தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் வாழும் குடும்பங்களில் ஒருவருக்கும் கடிதம் வரவில்லை. மலேசியாவின் 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி, நிலப் பயன்பாட்டை வகுக்கும் உள்ளூர்த் திட்டம் இல்லாத பகுதியில் அண்டை நில உரிமையாளருக்கே அறிவிப்பு. ஆட்சேபிக்க 21 நாள். மூன்று தலைமுறையாகத் திடலை ஒட்டி வாழ்ந்தவர்கள், பட்டா இல்லாததால் அண்டை வீட்டாரே இல்லை என்றாகிவிட்டது. இது எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆட்சேபங்களை ஊராட்சி மன்றம் விசாரித்த அன்று மேசைமேல் விரித்த வரைபடத்தில் திடல் இருக்கும் இடம் ‘காலி நிலம்’ என்றிருந்தது. முனீஸ்வரர் கோவிலுக்கு ஒரு கட்டம்கூட இல்லை. துணைத்தலைவர் விரல் வைத்துக் காட்டிய பிறகே அதிகாரி பென்சிலால் குறித்துக்கொண்டார்.

திட்ட அனுமதி தரும் ஊராட்சி மன்றத்துக்கான தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் அதை அறவே நீக்கியது. அன்று முதல் மன்ற உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. ஆளும் கட்சிகள் இடங்களைப் பங்கிட்டுக்கொள்கின்றன. விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக்கும் அதிகாரமும் மாநில அரசிடமே. திடலைக் காப்பதாக வாக்களித்த மன்ற உறுப்பினர் ஆட்சி மாறியதும் பதவி இழந்தார். அடுத்து வந்தவர் திடல் கோப்பு எதையும் பார்த்திருக்கவில்லை. எந்தக் கட்சி வந்தாலும் இதே கதைதான். நம் வாக்கில் வராதவரை நாம் எப்படித் தட்டிக் கேட்பது?

கோலாலம்பூரின் தாமான் ரிம்பா கியாரா பூங்காவில் அடுக்குமாடி கட்டுவதை எதிர்த்த வழக்கில், 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அதற்கான அனுமதியான மேம்பாட்டு ஆணை செல்லாது என்று தீர்ப்பளித்தது. கோலாலம்பூருக்குச் சட்டம் வேறு என்றாலும், அத்தீர்ப்பு நமக்குத் தெம்பளித்தது. அதே சமயம், அங்குள்ள முன்னாள் தோட்டத் தொழிலாளர்களின் வீட்டுக் கனவு அந்தத் திட்டத்தோடுதான் முடிச்சுப் போடப்பட்டிருந்தது என்பதையும் மறக்கலாகாது.

கோவில் பாதைக்கு இடம் விட வேண்டும் என்ற நிபந்தனையுடன் நமது திடலில் கடைவீடுகள் கட்ட அனுமதி வழங்கப்பட்டுவிட்டது. ஆட்சேபித்த உறுப்பினர்கள், சட்டம் தரும் ஒரு மாதத்துக்குள் மேல்முறையீட்டு வாரியத்தில் மனு செய்துள்ளனர். உள்ளூர்த் திட்ட வரைவு பார்வைக்கு வரும்போது, பட்டா இல்லாதவரும் ஆட்சேபம் எழுதலாம். அதற்கான லயவாரிப் பெயர்ப்பட்டியலைச் செயலவையினர் தயாரித்து வருகின்றனர்; விடுபட்ட குடும்பங்கள் இன்றே என்னிடம் பெயர் கொடுக்கவும்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்