அந்தப் படத்தில் இருப்பது வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வாரம் உங்கள் பத்திரிகையில் வந்த நச்சுப் பாசிச் செய்தியில், டையாட்டம் (கண்ணாடி போன்ற ஓடுள்ள, கண்ணுக்குத் தெரியாத ஒற்றைக்கலப் பாசி) என்றாலே விஷம் என்ற பொருள்பட எழுதியிருந்தீர்கள். கூடவே, தேன்கூட்டுக் கண்கள் போட்ட ஒரு வட்டத்தின் நுணுக்குக்காட்டிப் படம். அது கொசினோடிஸ்கஸ் என்ற டையாட்டம். மட்டியில் ஏறும் நஞ்சுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் இருபத்திரண்டு வருடம் கடல்நீரில் டையாட்டம் எண்ணுவதே என் வேலையாக இருந்தது. அதனால் பேசாமல் இருக்க மனம் வரவில்லை.

உலகில் நடக்கும் ஒளித்தொகுப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு டையாட்டங்களுடையது. இந்தக் குளிர்கடல்களில் மீனும் மட்டியும் வசந்தத்தில் கொழுப்பது இவற்றால்தான். நஞ்சு தருபவை, பெரும்பாலும் சூடோ-நிட்சியா என்ற ஒரே பேரினத்தில் உள்ள சில இனங்கள் மட்டுமே.

1987 நவம்பர், டிசம்பரில் பக்கத்து மாகாணமான பிரின்ஸ் எட்வேட் தீவின் மட்டிகளைச் சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் நோயில் விழுந்தார்கள். மூவர் இறந்தார்கள். பிழைத்தவர்களில் சிலருக்குப் புதிதாக எதுவும் நினைவில் நிற்காமலே போனது. ஹலிபக்ஸ் வேதியியலாளர்கள் சில நாட்களிலேயே அது டொமோயிக் அமிலம் என்று கண்டுபிடித்தார்கள். யாரும் எதிர்பாராத விடை அது. யப்பானில் ஒரு செம்பாசியை வயிற்றுப் பூச்சிக்கு மருந்தாகக் கொடுத்துவந்தார்கள். அந்தப் பாசியில் இருந்த பொருள் இது. அது அந்தத் தீவின் கார்டிகன் ஆற்று முகத்துவாரத்து மட்டிக்குள் எப்படி வந்தது? மட்டிகளின் வயிற்றில் நிறைந்திருந்த ஊசி போன்ற டையாட்டம்தான் வழி காட்டியது.

ஆனால் அந்த ஊசிக்குச் சரியான பெயர் வைப்பது இலேசான காரியம் இல்லை. மாதிரியில் ஐயோடின் விட்டுத் தேநீர் நிறத்துக்குக் கொண்டுவந்து, பத்து மில்லிலீற்றரை ஓர் இரவு அடியில் படியவிட்டு, கீழிருந்து பார்க்கும் நுணுக்குக்காட்டியில் எண்ணுவோம். நுனியோடு நுனி மேலேறிச் சங்கிலியாக நிற்கும் ஊசிகள் தெரியும். சூடோ-நிட்சியா என்று அங்கேயே சொல்லிவிடலாம். எந்த இனம் என்று சொல்ல முடியாது. அமிலத்தில் கழுவி உயிர்ப்பொருளை நீக்கி, கண்ணாடி போன்ற சிலிக்கா ஓட்டை மட்டும் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் வைக்க வேண்டும். ஓட்டின் குறுக்கே ஓடும் ஒவ்வொரு கோட்டிலும், புள்ளிக்கோலம்போல் துளைகள் இருக்கும். அவை பெரிய துளைகளாய் இரண்டு வரிசை என்றால் பங்கென்ஸ் என்ற இனம். சிறியவையாய் மூன்று, நான்கு வரிசை என்றால் மல்டிசீரீஸ் என்ற இனம். 1987இல் நஞ்சு தந்தது இரண்டாவது. அப்போது அதைப் பங்கென்ஸின் ஒரு வடிவம் என்றே வைத்திருந்தார்கள். நோர்வேயின் கிரேத்தே ஹாஸ்லே 1995இல்தான் அதைத் தனி இனமாக உயர்த்தினார். முதன்முதலாக அந்த நான்கு வரிசையை என் கண்ணால் கண்ட மாலை, வீட்டுக்குப் போக மனமில்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

இன்று மரபணுச் சோதனை வந்துவிட்டது, நல்லது. ஆனால் அந்தச் சோதனையின் விடையை ஒப்பிடக்கூட, முதலில் ஒருவர் ஓட்டின் அமைப்பைப் பார்த்துப் பெயர் வைத்திருக்க வேண்டும். ஸ்கெலெட்டோனீமா கொஸ்டேற்றம் என்று உலகமெங்கும் எழுதிவந்த ஒரு டையாட்டம், 2005இல் பல இனங்களாகப் பிரிந்தபோது ஓட்டின் அமைப்பும் மரபணுவும் சேர்ந்தே சாட்சி சொல்லின. நான் ஓய்வு பெற்றபின் என் நாற்காலிக்கு எவரையும் எடுக்கவில்லை என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன். ஓர் எண்ணும் கண்ணைப் பழக்க மூன்று, நான்கு வருடம் வேண்டும்.

இன்னொன்று, நம் சனங்களுக்காக. கோடையில் குடும்பமாகக் கடற்கரைக்குப் போய்ப் பாறையில் மட்டி பிடுங்குகிறோம். மிளகாயும் புளியும் போட்டு நன்றாகக் கொதிக்கவைத்தால் நஞ்சு போய்விடும் என்று என் சொந்த மைத்துனியே வாதாடினாள். போகாது. டொமோயிக் அமிலம் கொதிக்கும் சட்டியில் அழிவதில்லை. நிறத்திலோ மணத்திலோ மட்டி எதையும் காட்டிக்கொடுக்காது. தண்ணீர் தெளிவாக இருப்பதும் உத்தரவாதம் அல்ல. ஒரு கிலோ சதையில் 20 மில்லிகிராமுக்கு மேல் கண்டால் அந்த இடத்தை மூடிவிடுவார்கள். மூடிய இடம் எது என்று அரசு அறிவிப்பைப் பார்த்துவிட்டே கூடையை எடுங்கள். இதை நீங்கள் முதற்பக்கத்தில் போட்டாலும் தகும்.

அடுத்த இதழில் அந்தப் படத்தை மறுபடி வெளியிட்டு, கீழே கொசினோடிஸ்கஸ் என்று எழுதிவிடுங்கள். பக்கத்தில் ஒரு சூடோ-நிட்சியாச் சங்கிலியும் வேண்டுமென்றால், நானே எடுத்தது இருக்கிறது, அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வுகூட உதவியாளர் ஒருத்தி
டார்ட்மத், நோவா ஸ்கோஷியா