எந்தக் கலை என்பது இரண்டாவது கேள்வி: பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள கழக உறுப்பினர்களுக்கு,

வணக்கம். போன சனிக்கிழமைக் கூட்டத்தில், வரும் கல்வியாண்டு முதல் பிள்ளைகளுக்கு ஒரு தற்காப்புக் கலை கற்றுத்தருவது என்று முடிவானது. சந்தோஷம். அப்புறம் எதைக் கற்றுத்தருவது என்று ஒரு மணி நேரம் வாதம் நடந்தது. சிலர் கராத்தே என்றார்கள், சிலர் டேக்வாண்டோ என்றார்கள். "நம்ம சிலம்பம் இருக்கும்போது அதெல்லாம் எதுக்கு?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்ததும் கைதட்டல் எழுந்தது. எதில் அடி பலமாக விழும் என்பதுதான் கடைசிவரை பேச்சு. எதற்காகக் கற்றுத்தருகிறோம் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

இப்படி ஒரு மடலை 1908-லேயே ஒருவர் எழுதியிருக்கிறார். ஜப்பானின் ஒகினாவாத் தீவைச் சேர்ந்த கராத்தே ஆசான் இடோசு அன்கோ. எழுபது வயதைத் தாண்டிய பிறகு, கராத்தேயைப் பள்ளிகளில் பரப்ப வேண்டும் என்று கல்வி அதிகாரிகளுக்குப் பத்துக் குறிப்புகளாக எழுதினார். மனிதர் விவரமானவர். ரஷ்யாவோடு நடந்த போரில் ஜப்பான் வென்று மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அதிகாரிகள் காதில் எது ஏறும் என்று தெரிந்து, சின்ன வயதிலிருந்தே பழகினால் பிற்காலத்தில் ராணுவத்துக்கு உதவும் என்றார். நெப்போலியனை வென்ற பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனின் பேச்சையும் துணைக்கு அழைத்தார். அதே மடலில் ஆசானின் குரலும் கேட்கிறது. அவசரப்பட்டால் கலை வராது, மெதுவாக நடக்கிற காளையும் கடைசியில் நெடுந்தூரம் போய்ச் சேர்ந்துவிடும், தினம் ஒன்றிரண்டு மணி நேரமாக மூன்று நான்கு ஆண்டுகள் பழக வேண்டும் என்கிறார். அளவு மீறி முறுக்கினால் முகமும் கண்ணும் சிவந்து உடம்புக்குத்தான் கேடு என்றும் எச்சரிக்கிறார்.

அதுவரை ஓர் ஆசானிடம் ஓரிருவர் ஒதுக்குப்புறமாகக் கற்ற கலை அது. பள்ளிக்காக அவர் ஐந்து சின்னக் கட்டாக்களை, அதாவது தனியாகச் செய்து பழகும் அசைவு வரிசைகளை, அமைத்தார். இன்று நம் ஊர் வகுப்பு பலவற்றில் பிள்ளைகள் 'ஹெயான்' என்று சொல்லிச் செய்து காட்டுவது அவற்றின் வழிவந்ததுதான். ஆக, நாம் பார்க்கிற வரிசை நிற்பதும் எண்ணிக்கை சொல்லிக் குத்துவதும் பள்ளிக்கூடத்துக்கென்று தைத்த சட்டை. உடம்பு வளையும், ஒழுங்கு வரும், கூச்சம் போகும். பெரிய விஷயங்கள்தான். ஆனால் காற்றில் ஆயிரம் முறை குத்திய பிள்ளை தெருவில் ஒருவன் கையை முறுக்கினால் தப்பிவிடும் என்று அதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

ஜூடோவின் கதை வேறு. 1882-இல், 21 வயதில், டோக்கியோவில் ஒரு கோயில் கூடத்தில் 12 பாய் விரித்து அதைத் தொடங்கிய கானோ ஜிகோரோ அடிப்படையில் ஒரு வாத்தியார். ஜுஜுட்சு என்ற பழைய ஜப்பானியச் சண்டைக் கலையில் இருந்த அடி, குத்து முதலிய ஆபத்தான நுட்பங்களை எதிராளியோடு மோதிப் பழகும் பயிற்சியிலிருந்து எடுத்துவிட்டார். கலையை நீர்த்துப்போக வைத்துவிட்டார் என்று தோன்றும். நடந்தது நேர்மாறு. கண்ணில் குத்தும் பாணியை யாரும் முழு வேகத்தில் பழகிப் பார்க்க முடியாது. தூக்கிப் போடுவதையும் அமுக்கிப் பிடிப்பதையும் தினமும் முழு பலத்தோடு பழகலாம். அதனால் ஜூடோ பழகியவருக்கு எதிர்த்து நிற்கிற உடம்பு எப்படி இருக்கும் என்று கைக்கே தெரியும்.

ஜூடோவில் முதல் பாடமே விழுவது. கல்லூரி நாளில் இரண்டு வருடம் பழகினேன். பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை. இந்த 46 வயது வரை என்னை ஒருவரும் அடிக்க வந்ததில்லை. ஆனால் மூன்று தடவை விழுந்திருக்கிறேன்: ஒரு முறை பைக்கிலிருந்து, இரண்டு முறை குளியலறையில். தாடையை மார்போடு ஒட்டிக்கொண்டு கையால் தரையை அறையும் பழக்கம் மூன்று தடவையும் மண்டையைக் காப்பாற்றியது. எனக்குக் கிடைத்த தற்காப்பு அவ்வளவுதான், அது போதுமாகவும் இருந்தது.

டேக்வாண்டோவில் விதிதான் உடம்பைச் செதுக்குகிறது. போட்டியில் முகத்தில் குத்தக் கூடாது. தலைக்கு விடும் உதைக்கோ உடம்பில் விழும் குத்தைவிடப் புள்ளி அதிகம். அதனால் கால் அபாரமாக வளரும், கை இறங்கியே கிடக்கும். 2000 சிட்னியிலிருந்து முறையான ஒலிம்பிக் விளையாட்டு அது. பதக்கக் கனவு இருந்தால் தாராளமாகச் சேருங்கள். பிரேசிலின் கப்போய்ராவைப் பாருங்கள். அடிமைப்பட்ட ஆப்பிரிக்கர்களிடம் வளர்ந்த கலை. 1890-இல் சட்டம் அதைக் குற்றமாக்கியது. 1932-இல் மெஸ்த்ரே பிம்பா என்ற ஆசான் அதற்கென்று பள்ளி திறந்தார். நோக்கம் மாறினால் கலையும் உரு மாறும்.

சிலம்பத்துக்குக் கைதட்டியவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. காலடி சரியாக விழுந்தால்தான் கம்பு சுற்றும்; தோளுக்கும் மணிக்கட்டுக்கும் அதைப்போல் வேலை தரும் கலைகள் குறைவு. ஆனால் ஆண்டு விழா மேடைக்கான அலங்கார வீச்சு வேறு, எதிரே ஒருவன் கம்போடு நிற்கையில் தடுத்து அடிப்பது வேறு. நம் ஆசான் எதைச் சொல்லித்தரப் போகிறார் என்று கேட்டோமா? பிள்ளைகள் கம்பு வீச இடம் வேண்டும். நம் மைதானத்தில் ஒரே நேரத்தில் அறுபது பேர் சுற்றினால் முதலுதவிப் பெட்டியும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

பெண் பிள்ளைகளின் பாதுகாப்புக்காக என்று சில அம்மாக்கள் சொன்னார்கள். அந்தப் பயம் எனக்கும் உண்டு, என் மகள் ஆறாம் வகுப்பு. ஆனால் குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்ட வழக்குகளில் பெரும்பாலானவற்றில் குற்றவாளி குழந்தைக்குத் தெரிந்தவர். மாமா என்று கூப்பிடுகிற ஆளை எந்தக் கட்டாவும் தடுக்காது. கூச்சல் போடவும், வீட்டில் வந்து சொல்லவும், குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்யவும் பழக்குவது தனி வகுப்பு. அதை எந்த மாஸ்டர் தலையிலும் கட்டிவிட்டு நாம் நிம்மதியாக இருக்க முடியாது. இரண்டு நாள் முகாம் நடத்திச் சான்றிதழ் கொடுப்பவர்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயமும் இல்லை. எங்கள் தெருவில் நடந்த ஒரு முகாமில் சிறுமிகள் கற்றுக்கொண்டது போட்டோவுக்கு நிற்பதைத்தான்.

அடுத்த கூட்டத்தில் கலையின் பெயரை ஓரமாக வைத்துவிட்டு நோக்கத்தை முதலில் தீர்மானிப்போம். வருகிற மாஸ்டரிடம் பிள்ளைகள் விழப் பழகுவார்களா, ஒருவரோடு ஒருவர் மோதிப் பழகுவார்களா, மூன்று மாதத்துக்கு ஒரு பெல்ட் தேர்வுக்கு எவ்வளவு கட்டணம் என்று கேட்போம். என் ஓட்டு, ஐந்தாம் வகுப்பு வரை ஜூடோ, அதற்கு மேல் சிலம்பம். மொசைக் தரையில் யாரும் விழப் பழக முடியாது. மேட் என்ன விலை என்று இரண்டு கடையில் விசாரித்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அப்பா