அம்மாவுக்கு வால்வு வேண்டாம் என்றவருக்கும் உடன் நின்றவர்களுக்கும்

கடலூர் முதுநகரில் எங்கள் இட்லிக் கடையை அறிந்தவர்களுக்கு அம்மாவின் இருமலையும் தெரிந்திருக்கும். விடியற்காலையில் துறைமுகத்துக்குப் போகிறவர்கள் கடை திறந்துவிட்டதா என்பதை அந்த இருமலை வைத்தே தெரிந்துகொள்வார்கள். முப்பத்திரண்டு வருடம் சவுக்கு விறகு அடுப்பு. பீடி, சுருட்டு எதையும் அம்மா தொட்டதில்லை. அவருக்கு சி.ஓ.பி.டி., அதாவது மூச்சுப் பாதை அடைபடும் நாள்பட்ட நுரையீரல் நோய், என்று எழுதிக் கொடுத்தபோது, "அது ஆண்களுக்கு வருகிற நோய் அல்லவா?" என்று நானே அசட்டுத்தனமாகக் கேட்டேன்.

விறகுப் புகையும் நுரையீரலுக்குப் புகைதான் என்று எனக்குப் புரியவைத்தவர், ஊதல் பரிசோதனை செய்த பெண். முதல் நன்றி உங்களுக்கு. "ஊதுங்கள் அம்மா, இன்னும், இன்னும், நிறுத்தாதீர்கள்" என்று நீங்களும் கூடவே மூச்சைப் பிடித்துக்கொண்டு கத்தினீர்கள். மூன்றாவது முறை முடிந்தபோது அம்மாவைவிட உங்களுக்குத்தான் அதிகம் வியர்த்திருந்தது. முதல் நொடியில் ஊத வேண்டிய காற்றில் 38 சதவீதம்தான் அம்மாவால் ஊத முடிந்திருந்தது.

இன்ஹேலரை வைத்து இரண்டு வருடம் ஓட்டினோம். பிறகு ஒருவர், பெயர் வேண்டாம், "வால்வு வைத்துவிட்டால் புது நுரையீரல் மாதிரிதான்" என்றார். ஸ்கேன் எடுத்திருக்கிறதா என்றுகூட அவர் கேட்கவில்லை. முன்பணம் எவ்வளவு கட்ட முடியும் என்று மட்டும் கேட்டார். நானும் அம்மாவின் வளையல்களைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு கிளம்பிவிட்டேன். அடகுக் கடைப் படியில் என் கையைப் பிடித்து இழுத்து, "இன்னொரு டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வா. வளையல் எங்கே ஓடிவிடப் போகிறது?" என்ற எதிர்வீட்டு அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அன்று உங்கள்மேல் எனக்குக் கோபம்தான் வந்தது, அக்கா.

அப்படித்தான் புதுச்சேரிக்குப் போனோம். அம்மா படியேறி இருக்கையில் அமரும்வரை விசில் கொடுக்காமல் நின்ற கண்டக்டருக்கும், பேருந்து நிலையத்திலிருந்து மருத்துவமனைக்குப் போகும் வழியில் குப்பை எரியும் தெருக்களைத் தவிர்த்து, சுற்றிப் போனதற்குக் கூடுதல் காசு கேட்காத ஆட்டோக்காரருக்கும் நன்றி.

டாக்டர், உங்களுக்குத்தான் இந்தக் கடிதமே. ஸ்கேன் எடுத்தீர்கள். அம்மாவைக் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்காரவைத்து, நுரையீரலில் எவ்வளவு காற்று தேங்குகிறது என்று அளந்தீர்கள். ஆறு நிமிடம் நடக்கவிட்டீர்கள். 210 மீட்டர் நடந்தார். அதன் பிறகு மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டு விளக்கினீர்கள். நுரையீரல் மடல் மடலாகப் பிரிந்திருக்கிறது. எம்பைசீமா, அதாவது நுரையீரலின் காற்றுப்பைகள் சிதைந்துபோகும் நோய், வந்த மடலில் காற்று தேங்கி உப்பி, பக்கத்திலுள்ள நல்ல பகுதியை நெருக்குகிறது. வால்வு ஒருவழிக் கதவு. மூச்சை விடும்போது திறக்கும், இழுக்கும்போது மூடிக்கொள்ளும். மார்பைக் கீறாமல், தொண்டை வழியே குழாய் விட்டுச் சில வால்வுகளைப் பொருத்தினால் அந்த மடல் சுருங்கி, நல்ல பகுதிக்கு இடம் கிடைக்கும். அமெரிக்காவில் 2018இல் இதற்கு அனுமதி கிடைத்தது என்றும், பொருத்தமானவர்களுக்கு இது நல்ல சிகிச்சை என்றும் நீங்களே சொன்னீர்கள். எனக்கு வளையல் நினைவு வந்துவிட்டது.

ஆனால் மடலுக்கும் மடலுக்கும் நடுவிலுள்ள பிளவு முழுதாக இருக்க வேண்டுமாம். அம்மாவுக்கு அது பாதியில் நின்றிருந்தது. "வாசலை அடைத்தாலும் கொல்லைப்புறம் வழியாகக் காற்று வந்துவிடும் அம்மா" என்றீர்கள். வீடு கட்டியவருக்குப் புரியாத பேச்சா அது! அதோடு விறகுப் புகையால் வரும் நோயில் எம்பைசீமாவைவிட மூச்சுக்குழாய்கள் தடித்துச் சுருங்குவதே அதிகம் என்றும், அம்மாவின் ஸ்கேனும் அப்படித்தான் இருக்கிறது என்றும் சொன்னீர்கள். வால்வு வைத்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு நுரையீரலிலிருந்து காற்று கசிந்து மார்புக்குள் சேர்கிறது, அதற்காகவே குறைந்தது மூன்று இரவு மருத்துவமனையில் வைத்துப் பார்க்கிறார்கள் என்பதை உங்களிடம்தான் முதல் முறை கேட்டேன். பலனே இல்லாத ஒன்றுக்கு அம்மா அந்த ஆபத்தைச் சுமந்திருப்பார். "வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் அனுப்பியிருக்கலாம். வெளியே அத்தனை பேர் காத்திருந்தும் முக்கால் மணி நேரம் செலவழித்தீர்கள்.

அம்மா பேருந்தில் கன்னியக்கோயில் வரை அழுதார். அதையும் சொல்லிவிட வேண்டும்.

வால்வுக்குப் பதிலாக எட்டு வார மூச்சுப் பயிற்சிக்கு அனுப்பினீர்கள். இது என்ன சிகிச்சை, நடப்பதும் ஊதுவதும்தானே என்று நான் முணுமுணுத்தேன். பயிற்சி தந்த தம்பி, மன்னித்துவிடுங்கள். மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து மெல்ல விட வேண்டும் என்றபோது அம்மாவுக்கு நான்கு நாள் பிடிபடவே இல்லை. ஐந்தாம் நாள் எங்கிருந்தோ ஓர் ஊதாங்குழலோடு வந்தீர்கள். "அடுப்பு பற்றிவிட்டது அம்மா. இனிச் சாம்பல் பறக்காமல் ஊத வேண்டும், அவ்வளவுதான்" என்றீர்கள். அம்மா குழலை வாயில் வைக்காமலே ஊதிக் காட்டினார். எட்டாவது வாரம் ஆறு நிமிடத்தில் 275 மீட்டர். போன மாதம் திருப்பாதிரிப்புலியூர் கோயிலில் உட்காராமல் ஒரு பிராகாரம் சுற்றினார். நோய் போய்விடவில்லை, இன்ஹேலரும் நிற்கவில்லை. ஆனால் சுற்றினார்.

விறகடுப்பை இடித்துக் கேஸ் அடுப்புக்கு மேடை கட்டித் தந்து, கூலியை மூன்று தவணையாக வாங்கிக்கொண்ட கொத்தனார் மாமாவுக்கு நன்றி. புது அடுப்பின் முதல் ஈட்டைத் தின்றுவிட்டு, "இட்லியில் புகை வாசனை இல்லையே அம்மா, ருசியே போய்விட்டது" என்று கடை அதிரக் குறை சொல்லி, மறுநாள் விடியும் முன்பே வந்து ஆறு இட்லி கேட்ட படகுக்கார அண்ணனுக்கும் நன்றி.