கேட்டுவிட்டுக் காத்திருந்த டோரா

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில், "சமைக்கிற நேரத்தில் அவனுக்கு டிவி போட்டுவிடுகிறேன் அம்மா, தப்புச் செய்கிறேனோ என்று மனது உறுத்துகிறது" என்றாய். அதற்குள் பேரன் அழவே, போனை வைத்துவிட்டாய். இருபத்தாறு வருடம் அங்கன்வாடியில் மூன்று வயதுப் பிள்ளைகளோடு இருந்தவளிடம் கேட்டிருக்கிறாய். அவசரமாகப் பதில் சொல்ல எனக்கு மனமில்லை.

உன் தம்பிக்கு நான்கு வயது இருந்தபோது நடந்தது உனக்கு நினைவிருக்கிறதா? 2008. பிள்ளைகளுக்கான சுட்டி டிவி வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அதில் டோரா என்ற சிறுமி ஊர் சுற்றும் 'டோராவின் பயணங்கள்' கார்ட்டூன் தொடங்கினால் அவன் சோற்றுத் தட்டோடு வந்து உட்கார்ந்துவிடுவான். நீ பள்ளிக்கூடப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பாய். ஒருநாள் டோரா, பாலம் எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டுக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு நின்றாள். தம்பி குளத்தைக் காட்டி "அதோ" என்றான். டோரா அவனைப் பாராட்டினாள். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. நீதான் அவன் விரலைப் பிடித்துத் திருப்பி, "இது குளம், கண்ணா. பாலம் இதோ" என்றாய். அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளை என்ன சொன்னாலும் பெட்டிக்குக் காது கேட்காது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. டோரா கேட்பாள், காத்திருப்பாள். பதிலைக் காதில் வாங்க வீட்டில் ஒரு ஆள் வேண்டும்.

ஆனாலும் அந்தக் காத்திருப்பைக் குறைவாக நினைக்காதே. அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு அந்தத் தொடரை ஆரம்பித்தவர்கள் அந்த இடைவெளியை வேண்டுமென்றே வைத்தார்கள். அதற்கு முன்பே 1996-இல் வந்த 'ப்ளூஸ் க்ளூஸ்' என்ற தொடரும் அப்படித்தான், கேள்வி கேட்டுவிட்டு நிற்கும். அதில் இன்னொன்றும் செய்தார்கள்: ஒரே பகுதியை வாரத்தில் ஐந்து நாள் தொடர்ந்து ஒளிபரப்பினார்கள். ஆய்வு செய்து பார்த்தபோது, திரும்பத் திரும்பப் பார்த்த பிள்ளைகளுக்குக் கதை கூடுதலாகப் புரிந்திருந்தது. கேள்விக்கு வாய்விட்டுப் பதில் சொல்வதும் கூடியிருந்தது. பேரன் பார்த்ததையே பார்க்கிறான் என்று அலுத்துக்கொண்டாயே, அதற்காகச் சொல்கிறேன். அங்கன்வாடியிலும் ஒரே காக்கா கதையை மாதம் முழுக்கச் சொல்லியிருக்கிறேன். இருபதாம் நாள்தான் சில பிள்ளைகள் வாயைத் திறக்கும்.

எனக்கு அந்தத் தொடரில் மிகவும் பிடித்தது வரைபடம். எங்கே போவதானாலும் வழியில் இரண்டு இடம், அப்புறம் போய்ச் சேரும் இடம். அதையே மூன்று நான்கு தடவை சொல்ல வைப்பார்கள். முதலில் எது, பிறகு எது, கடைசியில் எது என்று வரிசையாகச் சொல்ல வருவது மூன்று நான்கு வயதில் பெரிய காரியம். கதை சொல்வதற்கும் கணக்குப் போடுவதற்கும் அதுதான் அடி. அந்தக் கோடை விடுமுறையில் ஆச்சி ஊருக்கு பஸ்ஸில் போனோமே, தம்பி ஜன்னலோரம் நின்று "ரயில்வே கேட், பெரிய குளம், ஆச்சி வீடு" என்று வழிநெடுகப் பாடிக்கொண்டே வந்தான். ரயில்வே கேட் தாண்டியதும் அதை விட்டுவிட்டு மீதி இரண்டை மட்டும் பாடினான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் அன்றைக்கு அடைந்த சந்தோஷம் அவன் பட்டம் வாங்கிய அன்றுகூட எனக்கு வரவில்லை.

அந்தத் தொடரில் திருட வரும் நரியிடம் "குள்ளநரி திருடக்கூடாது" என்று மூன்று தடவை சொன்னால் அது நின்றுவிடும் அல்லவா? மொட்டைமாடியில் கூழ்வற்றல் காயப்போட்டபோது கையை நீட்டி, "காக்கா திருடக்கூடாது" என்று கத்தினான். நரியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் காக்கையை வைக்கத் தெரிந்துவிட்டதே! மொழி அப்படித்தான் பிள்ளைக்குள் இறங்குகிறது.

இதை வைத்து எல்லாக் கார்ட்டூனையும் போட்டுவிடாதே. அமெரிக்காவில் நான்கு வயதுப் பிள்ளைகள் அறுபது பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தி 2011-இல் வெளியிட்டார்கள். படபடவென்று காட்சி மாறும் கார்ட்டூனை ஒன்பது நிமிடம் பார்த்த பிள்ளைகள், பார்த்து முடித்த கையோடு கொடுத்த சோதனைகளில், படம் வரைந்துகொண்டிருந்த பிள்ளைகளைவிடப் பின்தங்கினார்கள். பொறுத்திருப்பது, சொன்னதை மனதில் வைத்துச் செய்வது, இவைதான் சோதனைகள். அந்தப் பாதிப்பு எவ்வளவு நேரம் நீடிக்கும் என்று அவர்கள் பார்க்கவில்லை. ஆனால் ஒன்பது நிமிடம் என்பதைப் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நீ போனில் போட்டுக் கொடுக்கும் பாட்டுகள் ஒன்று முடியுமுன் அடுத்தது தானாக ஓடுகிறது. அதில் பிள்ளைக்கு மூச்சு விட ஓர் இடைவெளி இல்லை. அதை மட்டும் நிறுத்திவிடு, அம்மா கெஞ்சிக் கேட்கிறேன்.

நேரக் கணக்கைப் பொறுத்தவரை, இந்த வயதுக்கு ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லியிருக்கிறது. நீ குழம்பு கூட்டி இறக்குவதற்கு அதில் பாதி போதும். பக்கத்திலேயே உட்கார முடியாவிட்டால் பரவாயில்லை, அடுப்படியிலிருந்தே காதைக் கொடு. டோரா கேட்கும்போது அவன் என்ன சொல்கிறான் என்று கேள். சாப்பிடும்போது, "நரி எதை எடுத்துக்கொண்டு போனது?" என்று விசாரி. தம்பிக்கு நீ செய்தது இதுதான். பதினான்கு வயதில் உனக்குத் தெரிந்திருந்தது, இப்போது தெரியாமல் போய்விடாது.

நீங்கள் மே மாதம் இங்கே வருவதற்காகப் பேரனுக்கு ஒரு வரைபடம் போட்டு வைத்திருக்கிறேன். ஜங்ஷன், தாமிரபரணிப் பாலம், பாளையங்கோட்டையில் ஆச்சி வீடு. வாசல் வேப்பமரத்தையும் வரைந்திருக்கிறேன். இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன், ரயிலில் அவன் கையிலேயே கொடுத்துவிடு. இறங்கியதும், முதலில் எங்கே போக வேண்டும் என்று அவனிடம் கேள். அவன் சொல்லும்வரை ஆட்டோக்காரரிடம் நீ எதுவும் பேசாதே.

அன்புடன்,
அம்மா