பின்னாடி போய்ப் பார்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

சித்திரைத் திருவிழாவுக்கு வந்திருந்தாயே, அழகர் ஆற்றில் இறங்கிய அன்றைக்கு மத்தியானம் அம்மா உன்னைத் தேங்காய் துருவச் சொன்னாள். நான் பேப்பர் பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். பாதி மூடிகூட முடிந்திருக்காது. அரிவாள்மனையில் உட்கார்ந்தபடியே வலது கட்டைவிரலின் அடியை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாய். அப்புறம் கையை இரண்டு உதறு உதறிவிட்டு, மூடியை இடது கைக்கு மாற்றித் துருவினாய். பூவோடு ஓட்டுத் தூளும் சேர்ந்து விழ, அம்மா திட்டினாள். நான் கேட்டதற்கு, "ஒண்ணுமில்லப்பா, கொஞ்ச நாளா அப்படித்தான்" என்றாய். அந்தக் 'கொஞ்ச நாளா'தான் எனக்கு உறுத்துகிறது.

ஒன்று செய். கட்டைவிரலை உள்ளே மடக்கி, மற்ற நாலு விரலாலும் அதை மூடிக்கொள். அப்படியே மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாக மெதுவாகச் சாய். கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டில் சுரீரென்று பிடித்தால், அங்கே ஓடுகிற தசைநார்களின் உறை வீங்கியிருக்கலாம். ராத்திரி தூக்கத்தில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போய், சுண்டுவிரல் மட்டும் நன்றாக இருந்தால் அது வேறு சங்கதி. மணிக்கட்டுக்குள் நரம்பு நசுங்குவதாக இருக்கலாம். எது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். இரண்டுமே ஆரம்பத்தில் போனால் சீக்கிரம் அடங்குகிற சமாச்சாரம். கடையில் களிம்பு வாங்கித் தடவிக்கொண்டு மறுபடி டேப்லெட்டில் படம் வரைய உட்கார்ந்துவிடாதே.

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்பாய். நான் படுத்துக் கற்றுக்கொண்டது. ஆனால் அதற்கு முன்னால் சினிமா பேனர் வரைகிற கம்பெனிக் கதையைச் சொல்ல வேண்டும்.

1979-இல் பதினைந்து வயதில் நான் அங்கே சேர்ந்தேன். முதல் மூன்று வருடம் பிரஷ் கழுவினேன், கட்டம் போட்டேன். ஸ்டில் போட்டோ மேல் அரை அங்குலக் கட்டம், துணியில் ஓர் அடிக் கட்டம். அப்புறம்தான் கதாநாயகனின் சட்டையைத் தொட விட்டார்கள். முகம், எங்களுக்குத் தொழில் சொல்லித் தந்த வாத்தியாருக்கு மட்டும். பத்தடி உயர முகத்தில் மூக்கே மூன்றடி வரும். பக்கத்தில் நிற்கிறவனுக்கு அது மூக்காகத் தெரியாது. ரோஸ், நீலம், மஞ்சள் என்று திட்டுத் திட்டாக ஏதோ அப்பிவைத்த மாதிரி இருக்கும். நாலு தீற்று தீற்றிவிட்டு இருபது அடி பின்னால் போய்ப் பார்த்தால்தான் அந்த நீலம் தாடையின் நிழலாக மாறும். "பின்னாடி போய்ப் பாருடா!" இதுதான் வாத்தியார் வாயிலிருந்து நாள் முழுக்க வந்தது. போவோம், பார்ப்போம், திரும்பி வந்து இன்னும் நாலு தீற்று. அதுபோக பெயிண்ட் டப்பாவுக்குக் குனிவது, சாரத்தில் ஏறுவது, இறங்குவது. உடற்பயிற்சி என்ற வார்த்தையே அங்கே யாரும் சொன்னதில்லை.

அந்தக் காலத்தைப் பெரிதாகப் பேசுகிறேன் என்று நினைக்காதே. மண்ணெண்ணெயில் கை கழுவிவிட்டு அதே கையால் பரோட்டா பிய்த்தோம். டர்பன்டைன் வாடையில் இருமியே ஓய்ந்தவர்கள் உண்டு. சாரத்திலிருந்து விழுந்தவர்களும் உண்டு. நின்று நின்று என் கெண்டைக்காலில் ரத்தக் குழாய் சுருண்டு கிடப்பதை நீயே பார்த்திருக்கிறாய். ஆனால் முதுகுவலி என்று ஒருவனும் லீவு போட்டு எனக்கு ஞாபகமில்லை.

பிளெக்ஸ் வந்தது. ஒரு வாரம் ஐந்து பேர் வரைந்ததை மிஷின் ஒரு மணி நேரத்தில் துப்பியது. 2003-இல் கம்பெனி மூடியதும் ஒரு பிளெக்ஸ் கடையில் டிசைனராக உட்கார்ந்தேன். ஆமாம், உட்கார்ந்தேன். பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மவுஸ், பதினொரு மணி நேரம். ஏசி ரூம், பெயிண்ட் நாற்றம் இல்லை, சட்டை அழுக்காகவில்லை. நம் வாழ்க்கை விடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். மூன்றாவது வருடம் ஒரு காலையில் வாளியைத் தூக்கக் குனிந்தவன் நிமிரவில்லை. இடுப்பில் ஆரம்பித்து இடது கால் சுண்டுவிரல் வரை கரண்ட் அடித்த மாதிரி. நாற்பது நாள். நீ ஆறாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டு வந்து வெந்நீர்ப் பை வைத்துவிடுவாயே, அதுதான்.

அப்போது பிசியோதெரபி செய்துவிட்ட பையன் ஒன்று சொன்னான். முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கிற டிஸ்க்குகளுக்குத் தனியாக ரத்தக் குழாய் இல்லை என்றே சொல்லலாமாம். நாம் அசையும்போது அது ஸ்பாஞ்ச் மாதிரி அழுந்தி விரிந்துதான் தனக்கு வேண்டியதை உறிஞ்சிக்கொள்கிறதாம். அசையாவிட்டால் பட்டினி. காலிலும் அதே கதைதான்: கெண்டைக்கால் சதை சுருங்கி விரிந்தால்தான் ரத்தம் சுலபமாக மேலே ஏறும். எனக்கு உடனே வாத்தியார் ஞாபகம் வந்தது. அவர் படத்துக்காகத்தான் கத்தினார். முதுகு கூடவே பிழைத்துக்கொண்டது.

உன் ரூமுக்கு வந்திருந்தபோது பக்கத்தில் அரை நாள் உட்கார்ந்து நீ வேலை செய்வதைப் பார்த்தேன். அந்தக் காட்டுப் பின்னணி, மழைக்கு முந்தின வெளிச்சம், என் ஜென்மத்துக்கும் எனக்கு வராது. ஆனால் படத்தை முழுசாகப் பார்க்க நீ என்ன செய்தாய்? இரண்டு விரலைச் சேர்த்துச் சுருக்கினாய். படம் பின்னால் போனது, நீ போகவில்லை. மூன்றரை மணி நேரம் நீ எழுந்திருக்கவே இல்லை. பாட்டிலும் மேசை மேலேயே இருக்கிறது. அதிலும் முக்கால்வாசி அப்படியே இருந்தது. பாத்ரூம் போக நேரமாகும் என்று குடிக்காமல் இருக்கிறாய், எனக்குத் தெரியாதா.

தப்பு என் மேலும் இருக்கிறது. உனக்குப் பென்சில் பிடிக்கக் கற்றுத் தந்தது நான்தான். ஆனால் நோட்டு அளவுக் காகிதத்தில், தரையில் குனிந்து. பின்னால் போக வேண்டிய தேவையே வரவில்லை. அந்த ஒரு பாடம் விட்டுப்போயிற்று.

இப்போது நடத்துகிறேன். படத்தை ஸ்கிரீனில் முழுசாக வை. எழுந்திரு. ரூமின் எதிர்ச்சுவர் வரை நட, திரும்பிப் பார், வா. இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை, இருபது அடி தள்ளி இருப்பதை, இருபது விநாடி பார்க்கச் சொல்லிக் கண் டாக்டர் எனக்கு எழுதிக்கொடுத்தார். இருபது அடி! எங்கள் பேனர் தூரம். உன் ரூமில் அவ்வளவு இடம் இல்லை என்றால் பால்கனியில் நின்று எதிர் வீட்டு மாடியைப் பார். ஸ்கிரீனை முறைக்கும்போது கண் சிமிட்டுவதே குறைந்துவிடுகிறது, அதனால்தான் உனக்குச் சாயங்காலம் கண் எரிகிறது.

அப்புறம், டேப்லெட் பேனாவில் மாதம் ஒரு நிப் தேய்கிறது என்று பெருமையாகச் சொன்னாய். நிப் அப்படித் தேய்ந்தால் கை அழுத்துகிறது என்று அர்த்தம். லேசாகத் தொட்டாலே கோடு தடிக்கிற மாதிரி பேனாவின் அழுத்த செட்டிங்கை மாற்றி வை. நீளக் கோட்டைத் தோளிலிருந்து இழு. அவ்வளவு பெரிய புருவத்தை எவனும் மணிக்கட்டால் வரைய முடியாது. அதனால் எங்களுக்கு அது தானாக வந்தது. உன் டேப்லெட் சின்னது, மணிக்கட்டே எல்லா வேலையையும் செய்கிறது. டேப்லெட்டைப் படுக்க வைக்காமல் ஸ்டாண்டில் சாய்த்து வை. தலை ஐந்து கிலோ கிட்ட இருக்கும். அதைக் கழுத்துக்கு நேர் மேலே வைத்துக்கொண்டால் பாரம் தெரியாது, குனியக் குனியப் பாரம் ஏறும்.

பதினெட்டாயிரம் கொடுத்து நாற்காலி வாங்கியிருக்கிறாய். நல்ல நாற்காலிதான், உட்கார்ந்து பார்த்தேன். எனக்கே எழுந்திருக்க மனசு வரவில்லை. அதுதான் அதில் உள்ள கோளாறு.

வாரத்துக்கு 150 நிமிடமாவது கொஞ்சம் வேகமாக நடக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். நட, வேண்டாம் என்று சொல்லவில்லை. காலையில்தான் நடந்தோமே என்று அப்புறம் பத்து மணி நேரம் ஒட்டிக்கொண்டு உட்காராதே, அவ்வளவுதான். பாட்டிலைத் தூக்கி அடுப்படியில் வை. மேசையில் ஒரு சின்ன டம்ளர் போதும். தாகம் எடுக்கிறபோதெல்லாம் எழுந்துதான் ஆக வேண்டும்.

வேலையை முடித்துக் கொடுக்கிற அவசரத்தில் இதெல்லாம் நடக்காது என்பாய். எங்களுக்கும் வெள்ளிக்கிழமை ரிலீஸ் இருந்தது. வியாழக்கிழமை ராத்திரி முழுக்க, பெட்ரோமாக்ஸ் வைத்துக்கொண்டு வரைந்திருக்கிறோம். அப்போதும் பின்னால் போய்ப் பார்க்காமல் வரைந்த ஒரே படத்தில் கதாநாயகிக்கு ஒரு கண் நெற்றிக்கு ஏறிவிட்டது. வாத்தியார் துடைப்பத்தை எடுத்தார்.

இந்த வாரமே எலும்பு டாக்டரிடம் கையைக் காட்டு. அவர் என்ன சொன்னார் என்று மறைக்காமல் சொல். அவர் பத்து நாள் பேனாவைத் தொடாதே என்றால் தொடாதே; ஆபீஸில் நான் வேண்டுமானாலும் பேசுகிறேன் என்று எழுத நினைத்தேன், நீ சிரிப்பாய்.

அம்மா பருப்புப் பொடியும் மாவடுவும் பார்சல் அனுப்பியிருக்கிறாள். மாவடு பாட்டில் மூடியை வழக்கம்போல முறுக்கி இறுக்கியிருக்கிறாள். நீ திறக்காதே. கூட இருக்கிற பெண்ணிடம் கொடுத்துத் திறக்கச் சொல்.

அன்புடன்,
அப்பா