பட்டியலில் பெயர் படிக்க முடியாமல் ஓடிப்போனவர்களுக்கு

தெரு நடனப் போட்டிகளைப் பற்றிய எங்கள் ஆவணப்படம் ஒருவழியாக முடிந்துவிட்டது. உதவியவர்கள் பெயரெல்லாம் கடைசியில் திரையில் ஓடுகிறது. அந்த வேகத்தில் அதை யார் படிக்கப்போகிறார்கள்? அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி, ரஃப் கட் (படத்தின் முதல் கட்டத் தொகுப்பு) பார்க்க வந்து, கைபேசியில் ஸ்டாப்வாட்ச்சை ஓடவிட்டு உட்கார்ந்திருந்த பி-கேர்ளுக்கு, அதாவது பிரேக்கிங் என்ற தெரு நடனம் ஆடும் பெண்ணுக்கு. படம் முடிந்ததும் நாங்களே எங்களுக்குக் கை தட்டிக்கொண்டோம். அவர் கைபேசியைத் திருப்பிக் காட்டினார். பெண்கள் ஆடுகிற காட்சி மொத்தமே மூன்று நிமிடத்தைத் தொடவில்லை. படத்தில் பெண்கள் இல்லாமல் இல்லை. சைஃபரின், அதாவது ஆடுபவரைச் சுற்றி நிற்கும் வட்டத்தின், ஓரத்தில் நின்று கத்தினார்கள். பேட்டியில் கண் கலங்கினார்கள். "ஆண்களுக்கு நடுவே ஆடுவது கஷ்டமா?" என்ற கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொன்னார்கள். கேட்டது நான்தான். "என் ஃபுட்வொர்க்கைப் பற்றி, என் கால் வேலையைப் பற்றி, ஒரு கேள்விகூட இல்லையே" என்றார் அந்த பி-கேர்ள். எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் அவர் செய்திக்குப் பதிலே போடவில்லை. அதற்கு மன்னிப்பும் இதிலேயே சேர்த்தி.

கோபம் தணிந்ததும் எடிட்டர் மொத்த ஃபுட்டேஜையும் மறுபடி திறந்தார். தப்பு வெட்டியதில் மட்டும் இல்லை, எடுத்ததிலேயே இருந்தது. நின்றபடி ஆடும் டாப்ராக்கில் ஆரம்பித்து, தரையிறங்கி, உடலைச் சுழற்றும் பவர் மூவ், அசையாமல் உறைந்து நிற்கும் ஃப்ரீஸ் வரை ஒரு ரவுண்டு தலை முதல் கால் வரை தெரிந்தால்தான் ஆட்டம் புரியும். ஆண்களை அப்படித்தான் எடுத்திருந்தோம். பெண்கள் ஆடும்போது மட்டும் கேமரா முகத்துக்குப் போய்விட்டது: சிரிப்பு, வியர்வை, பறக்கும் முடி. கால் எங்கே? மறுபடி போட்டிகளுக்குப் போய் எடுக்க வேண்டியிருந்தது. சம்பளம் பேசாமல் கூடவே வந்த கேமராக்காரருக்கும், வேறொரு படத்தைத் தள்ளிவைத்த எடிட்டருக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன்.

அப்புறம் டிஜே அண்ணன். '1973 ஆகஸ்ட் 11, பிராங்ஸ், 1520 செட்ஜ்விக் அவென்யூ, டிஜே கூல் ஹெர்க்' என்று, ஹிப்-ஹாப் பிறந்ததாகச் சொல்லப்படும் விருந்தோடு படம் ஆரம்பித்ததும் நிறுத்தச் சொன்னார். "விருந்து வைத்தது யார்?" ஹெர்க்கின் தங்கை சிண்டி கேம்ப்பெல். பள்ளி திறக்கும் முன் புதுத் துணி வாங்கக் காசு சேர்க்க அவர் போட்ட திட்டம் அது. நுழைவுக் கட்டணம் பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50. இப்போது படம் சிண்டியில்தான் தொடங்குகிறது.

வாக்கிங் (waacking, கைகளை வேகமாகச் சுழற்றி ஆடுவது) 1970களில் லாஸ் ஏஞ்சல்ஸின் கே (gay, தன்பாலின ஈர்ப்பாளர்) கிளப்புகளில், கறுப்பின, லத்தீன் இளைஞர்களிடம் பிறந்த ஆட்டம். 'பார்வையாளர்கள் குழம்புவார்கள்' என்று அந்த வரியை நான் வெட்டியிருந்தேன். யாரும் குழம்பவில்லை. வரியைத் திரும்பப் போட வைத்தவருக்கு நன்றி. ஊன்றுகோலோடு ஆடும் நண்பர், தன் காட்சியிலிருந்து சோக வயலினை எடுக்கச் சொன்னார். எடுத்தோம். காட்சி உடனே வேகம் பிடித்தது.

தகவல் சரிபார்த்தவர் கொடுத்த ஒரு வரி எனக்கு ரொம்பப் பிடித்தது. ரெட் புல் பிசி ஒன் என்ற உலக பிரேக்கிங் போட்டி 2004-லேயே தொடங்கிவிட்டது. பெண்களுக்கான பட்டம் 2018-ல்தான் வந்தது. அந்த முதல் பட்டத்தை வென்ற ஜப்பானின் அமி (Ami)தான், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரேக்கிங்கின் முதல் தங்கத்தையும் வாங்கினார்.

கடைசியாக இசையமைப்பாளர். போட்டியில் டிஜே போட்ட பாட்டுகளுக்கு உரிமை வாங்க எங்களிடம் காசில்லை. ஆடியவர்களின் அசைவைப் பார்த்துப் பார்த்து, அதே வேகத்தில் புதுத் தாளம் செய்து கொடுத்தார். சரி, இறுதிச்சுற்றில் ஒரு ஃப்ரீஸ் மட்டும் தாளத்துக்கு ஒரு இமை பிந்தி விழுகிறது. ஸ்டாப்வாட்ச் பி-கேர்ள் அதையும் கண்டுபிடித்துவிட்டார். ஆடியது அவர்தான், அன்றைக்குச் சரியாகத்தான் விழுந்தார். பிந்தியது நாங்கள்.